கோதுமதான் கீது

"அரிசி ஸ்டாக் இல்லம்மா. கோதுமதான் கீது. வேணும்னா வாங்கு, இல்லன்னா நவுரு."

ரேஷன் கடைக்காரர் இதைத் தராசைப் பார்த்தபடியே சொல்லுவார். எனக்கு முன்னால் நின்றவர்களிடமும் இதையேதான் சொல்லியிருப்பார். அவர்கள் இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டுப் பையை நீட்டுவார்கள். நான் மட்டும் பையை மடக்கிக்கொண்டு நிற்பேன். என் வீட்டில் கோதுமை தின்னக்கூடாத நான்கு வயதுப் பெண் இருந்தாள். தின்றுகொண்டே இருந்தால் பிழைக்கமாட்டாள் என்று பட்டணத்து டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தோணிரேவுப் படகுத்துறையைத் தாண்டி, ஏரியை ஒட்டிய குப்பம் எங்களுடையது. வீட்டுக்காரர் ஏரியில் இறால் பிடித்தார். ரேஷன் கடை, மளிகைக் கடை, மாவு மிஷின் எல்லாம் பழவேற்காட்டு ஊருக்குள். தோணியில்தான் போய்வர வேண்டும். நான் எண்ணூர்ப் பக்கம் எட்டாவது வரை படித்துவிட்டு வாழ்க்கைப்பட்டு வந்தவள். குப்பத்துக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் படிக்கக் கொடுப்பார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு இரண்டு வயதிலிருந்தே வயிறு உப்பிக்கொண்டு வந்தது. கையும் காலும் குச்சி. எதைக் கொடுத்தாலும் பேதியாகப் போய்விடும். 'சவலைப் பிள்ளை' என்றார்கள். தாய் வயிற்றில் அடுத்த பிள்ளை உண்டாகி, பால் கெட்டு நோஞ்சானாகிற குழந்தையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். எனக்குத்தான் அடுத்தது உண்டாகவே இல்லையே, பிறகு எப்படிச் சவலை என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்று பதில் வந்தது. மந்திரித்தோம், கயிறு கட்டினோம், பூச்சிமருந்து கொடுத்தோம். வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று பன்னும் ரொட்டியும் பார்லிக் கஞ்சியும் ஆளாளுக்கு ஊட்டினோம். ஊட்ட ஊட்ட அவள் இளைத்தாள்.

கடைசியில் பட்டணத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா என்னை எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "கோதுமை இவ குடலுக்கு ஆகாது. துளிகூட உள்ள போகக்கூடாது. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லம்மா, ஆயுசுக்கும்." கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பன், பிஸ்கோத்து, பார்லி என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதியும் கொடுத்தார். அதை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வீட்டுக்காரர் சிரித்தே விட்டார். "அவ்ளோதானா? நாம இன்னா ரொட்டி துன்னு வளர்ந்தவங்களா? சோறு குடுத்தா முடிஞ்சிபோச்சு." நானும் சிரித்தேன். சோறு தின்கிற ஊரில் கோதுமை வேண்டாம் என்பதெல்லாம் ஒரு பத்தியமா? எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பல மாதம் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் முகத்துவாரம் மண் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வருகிற வாய் அது. அது அடைபட்டால் இறால் வராது. இறால் வராவிட்டால் குப்பத்தில் அடுப்பு எரிவதே பெரிய பாடு. மேட்டு ஊர்களில் மழையும் பொய்த்திருந்தது. கடைகளில் அரிசி கண்ணிலேயே படவில்லை. ரேஷனில் கோதுமை மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது.

இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டால் வேறு வழி பார்க்கலாம். எங்களை வதைத்தது அந்த நிச்சயமில்லாமைதான். நாளைக்கு லோடு வரும் என்பார்கள். நாளைக்குப் போனால் காலையில் வந்து பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது என்பார்கள். விடியலிலேயே போய் நின்றால் லாரி வரவில்லை என்பார்கள். நான் கடைக்காரரிடம் டாக்டர் சீட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "கோதும ஒத்துக்காத வியாதியா? இன்னாம்மா கத வுடுற, அரிசிக்கு ஆளுக்கொரு கத சொல்றீங்க" என்றார். வரிசையே சிரித்தது. நான் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பிறகுதான் கருவாட்டுக் கூடையைத் தூக்கினேன். மேட்டு ஊர்க்காரர்கள் வீட்டுப் பானையில் விதைநெல்லாவது இருக்கும். ஒரு கூடை கருவாட்டுக்கு அரைக்கூடை நெல் கொடுப்பார்கள், சில வீட்டில் கதவைச் சாத்துவார்கள். கொண்டுவந்த நெல்லை வீட்டிலேயே குத்தினேன். மிஷினுக்குக் கொண்டுபோகவில்லை. ரேஷனில் கோதுமை போட்ட வாரமெல்லாம் அந்த மிஷினில் கோதுமைதான் அரைபட்டுக்கொண்டிருந்தது. அந்த அரிசியைத் தனிப் பானையில் போட்டு மூடிவைத்தேன். மகளுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனித் தட்டு. கோதுமையைப் புடைப்பதும் கிண்டுவதும் வாசலுக்கு வெளியே. தொட்ட கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன்.

நாங்கள் இருவரும் கோதுமைக் களி தின்றோம். வீட்டுக்காரர் விரலில் ஒட்டியதை உதறிப் பார்ப்பார். "இதக் கொண்டி செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்மே" என்பார். ஆனால் ஒருநாளும் மகளுடைய பானைப் பக்கம் அவர் கை போனதில்லை.

இரண்டு மாதத்தில் மகளுக்குக் கன்னம் வந்தது. அவளே ஓடிப்போய் தோணியில் ஏறி, "நைனா, நானும் வரேன்" என்று அடம்பிடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிராமமே சவலை என்று கைவிட்டதை நான் ஒருத்தி நிமிர்த்திவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆவணியில் மறுபடியும் வயிறு உப்பியது. முதல் நாள் மாங்காய் தின்றிருந்தாள், சாதாரண உப்புசம் என்றுதான் நினைத்தேன். வயிறு உப்பினால் எங்கள் பக்கம் யாரையும் கேட்கவேண்டாம். பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்து, உப்புப் போட்டு ஒரு சங்கு. மிச்சத்தைத் தொப்புளைச் சுற்றித் தடவ வேண்டும். பழவேற்காட்டில் பாய் கடையில் டப்பா வாங்கிவந்து கொடுத்தேன். அடங்கவில்லை. மறுநாளும் கொடுத்தேன். பேதி ஆரம்பித்தது. காலையும் மாலையும் கொடுத்தேன். மகள் சங்கைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொள்வாள். "வேணாம்மா, அது குடிச்சா வலிக்கும்மா" என்பாள். மருந்தென்றால் எந்தப் பிள்ளைதான் வாயைத் திறக்கும்? மூக்கைப் பிடித்து ஊற்றினேன்.

புரட்டாசிக்குள் கன்னம் போய்விட்டது. மறுபடியும் குச்சிக் கால், மறுபடியும் பானை வயிறு. இரவு பகல் என் மண்டைக்குள் ஒரே கேள்விதான். எங்கிருந்து போகிறது கோதுமை? பானையைக் கொட்டிக் கழுவினேன், நெல்லை மணிமணியாகப் பார்த்தேன். என் கையில் தப்பில்லை. அப்படியென்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

அடுத்த குடிசையில் என் வீட்டுக்காரருடைய அக்கா இருந்தார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிள்ளை இல்லாமலே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர். நான் கருவாட்டுக் கூடையோடு போகிற நாளெல்லாம் மகள் அவரிடம்தான் இருப்பாள். அத்தை மடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். அண்ணிக்குக் காலையில் டீயும் பொறையும் இல்லாமல் பொழுது விடியாது. டீக்கடையில் கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்திருப்பார்களே, அந்த மொறுமொறு ரொட்டி. என் சந்தேகம் அந்தப் பொறையில் போய் நின்றது. நின்றதும் அசையவே இல்லை.

பெண்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்து, வந்த சொற்ப இறாலைப் பெரியது சிறியது பிரித்துக்கொண்டிருந்த நேரம். நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"உண்மையச் சொல்லு அண்ணி. எம் பொண்ணுக்குப் பொறை குடுத்தியா, இல்லியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது, மூடிக்கொண்டது. அந்த ஒரு நொடி போதாதா எனக்கு?

"பெத்திருந்தா தெரியும். பெறாதவளுக்கு இன்னா தெரியும், புள்ள வயித்து நோவு?"

குப்பமே கேட்டது. இறால் பிரிக்கிற கைகள் நின்றன. அண்ணி குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அன்றைக்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கரையிலும் வரிசையின் கடைசியில், தள்ளி உட்கார ஆரம்பித்தார். மற்ற பெண்களும் தங்கள் பிள்ளைகளை அவரிடம் விடுவதை மெல்லக் குறைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் திருப்திதான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆனால் மகள் தேறவில்லை. அத்தையைக் கேட்டு அழுதாள். நான் பெருங்காயத்தை இன்னும் கெட்டியாகக் கரைத்தேன்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. வாடைக்காற்று ஐந்து நாள் விடாமல் அடித்தது. ஏரி ஏறி வந்து குப்பத்தைச் சூழ்ந்துகொண்டது. ரோடு அறுந்தது, லாரி இல்லை, ஊருக்குள் எந்தக் கடையிலும் எதுவும் இல்லை. மழை தொடங்குவதற்கு முதல் நாள் பெருங்காய டப்பா காலியாகியிருந்தது. தண்ணீர் கொஞ்சம் அடங்கியதும் வீட்டுக்காரரை அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தார். "பாய் கடைலயும் ஸ்டாக் இல்லியாம்" என்றார். நான் கடையை, பாயை, மழையை, அந்த ஏரியை எல்லாவற்றையும் சபித்தேன். நோவுக்கு இருந்த ஒரே மருந்தும் போய்விட்டது என்று அழுதேன்.

பத்தாம் நாள் பெரிய படகில் ரொட்டிப் பொட்டலங்கள் வந்தன. எங்கள் குப்பத்தில் எது வந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று பங்குதான். பிடித்த மீனானாலும் சரி, வந்த நிவாரணமானாலும் சரி. பங்கை வேண்டாம் என்று சொல்வது ஊரையே வேண்டாம் என்று சொல்வதுபோல. நான் என் மகள் பங்கைக் கொடுக்காதீர்கள், அவள் கண்ணில் காட்டாதீர்கள் என்று கத்தினேன்.

"பங்குன்னா பங்குதான்" என்றார் பங்கு போட்ட பெரியவர். "வாங்கிக்கினு போய் நீ இன்னா வேணா பண்ணு."

மகள் பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள். சுற்றி எல்லாப் பிள்ளைகளும் தின்கிறார்கள். அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். நான் அந்த ரொட்டியைத் தூக்கி ஏரியில் எறிந்தேன். பசியோடு நின்ற ஊர் அதைப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அவள் பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று கைப்பிடி இருந்தது.

"அக்காகிட்ட கேக்கட்டுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அவ குடுத்து எம்பொண்ணு துன்ன வேணாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எழுந்து போனார். மதியம் துண்டில் முடிந்து அரிசி கொண்டுவந்தார், இரண்டு வாரத்துக்குத் தாங்கும். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "பாய் குடுத்தாரு" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அந்த அரிசியில் கஞ்சி வைத்தேன். கஞ்சியும் உப்பும்தான், வேறு எதுவும் கிடையாது. மருந்தும் இல்லை. முதலில் பேதி நின்றது. பிறகு வயிறு இறங்கியது. கார்த்திகை பாதியில் மகள் எழுந்து நின்று, பானையைத் திறந்து, "இன்னும்" என்றாள். எனக்குக் காரணம் தெரியவில்லை. அண்ணி எங்கள் வாசலை மிதிக்காததால்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் நினைப்பு அப்போதும் அப்படித்தான் போயிற்று.

ரோடு சரியானதும் பாய் கடைக்குச் சரக்கு வந்தது. முதல் ஆளாகப் போய்ப் பெருங்காய டப்பா வாங்கினேன். இனி ஒருநாளும் தீர்ந்துபோக விடக்கூடாது என்று இரண்டாக வாங்கினேன். கண்டதைத் தின்று மறுபடி உப்பிவிடப்போகிறதே என்று முன்ஜாக்கிரதையாக அன்றைக்கே ஒரு சங்கு, மறுநாள் ஒரு சங்கு. மூன்றாம் நாள் காலை மகள் சுருண்டு படுத்திருந்தாள். வயிறு மேளம். "நான் சொன்னேன்ல" என்றாள் முனகலாக. "அது குடிச்சா வலிக்கும்னு சொன்னேன்ல."

டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தோணி ஏறினேன்.

பாய் நல்ல மனுஷர். பழைய வியாபாரக் குடும்பம், பாட்டனார் காலத்திலிருந்தே அதே தெருவில் கடை. மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார். முதலில் அரிசிக்கு நன்றி சொன்னேன்.

"எந்த அரிசி தங்கச்சி?" என்றார். "வெள்ளத்துல எங்கூட்டுலயே அரிசி இல்ல. எட்டு நாள் நாங்களே ரொட்டிதான் துன்னோம்."

அதை மனதில் வாங்கிக்கொள்வதற்குள் டப்பாவை நீட்டினேன். இதில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டேன்.

"பெருங்காயம்னா அது ஒரு செடியோட பாலு. சுத்தமா அப்படியே வாயில வச்சா நாக்கு பொசுங்கிடும். மாவுல பிசைஞ்சிதான் விப்பாங்க." அவர் டப்பாவைத் திருப்பி என் பக்கம் காட்டினார். "மைதா, கோதும மாவு, இதான். தோ, போட்டுகீதே."

பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்தது. தமிழில்தான் இருந்தது. குப்பத்துக்கே காகிதம் படிக்கிறவள், மூன்று மாதம் கையில் எடுத்து எடுத்துக் கரைத்த டப்பாவைப் படிக்கவில்லை. டாக்டரம்மா சீட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று இருந்துவிட்டேன். கோதுமைக்காக ஊரைக் காவல் காத்தேன். நாளுக்கு இரண்டு வேளை மூக்கைப் பிடித்து ஊற்றியது நான். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அரிசி கொடுத்தது அண்ணிதான் என்பதும் அந்தக் கடை வாசலிலேயே புரிந்துவிட்டது.

நான் திரும்பியபோது கரையில் பெண்கள் இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டிருந்தது, அந்த வாரம் கூடை நிறைய இறால். அண்ணி வழக்கம்போலக் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் குடிசைக்குப் போய், அவர் வரும்வரை காத்திருந்து, கதவுக்குப் பின்னால் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கால் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. ஆனால் நான் திட்டியது இந்த மணலில்.

அவர் எதிரில் உட்கார்ந்தேன். டப்பாவை இறால் குவியல் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல கோதும மாவு கீது அண்ணி" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "மூணு மாசமா நாந்தான் கரைச்சி ஊத்திகினு இருந்தேன். அவள நோவடிச்சது நாந்தான்."

வரிசையில் கைகள் நின்றன. அண்ணி டப்பாவைத் தொடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் குடுத்தேன்மே" என்றார், ரொம்ப மெல்ல. "ஒரே ஒரு பொறை. பாதிதான். கைய நீட்டினா, மனசு கேக்கல. நீ வந்து கேட்டப்ப வாய் வரல. அதுலேர்ந்து நாந்தான் புள்ளயக் கொல்றேன்னு நெனச்சிகினு இருந்தேன். கிட்டக்க வந்தா இன்னும் எதுனா ஆயிடும்னுதான் வரல."

எந்த நாள், எந்தப் பொறை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இத்தனை நாளும் நான் கோபத்தோடு தூங்கி எழுந்தேன். அவர் எதோடு தூங்கி எழுந்தார் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அண்ணி சேற்றுக் கையோடு என் முழங்கையைப் பிடித்தார்.

"அப்ப நா இல்லியா?"

"இல்ல அண்ணி."

"நெசமா நா இல்லியா?"

"நீ இல்ல அண்ணி. நாந்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து, கையை ஏரித் தண்ணீரில் அலம்பினார். ஒருமுறை அலம்பியவர், குனிந்து மணலை அள்ளித் தேய்த்து மறுபடியும் அலம்பினார். நகக்கண்களைக்கூட விடவில்லை. பிறகு ஈரக் கையை என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"சுத்தமா கீதா பாரு" என்றார். "இப்ப அவளத் தொடலாமா?"